தடம் படாத உறைபனி: நீலகிரியில் கூட்டமில்லாத இடம் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் ஊட்டிக்காரர்கள் எல்லாருடைய போனிலும் இதே கேள்விகள்தான் வரும். கோவையிலிருந்து சித்தப்பா மகன் கேட்பான், சென்னையிலிருந்து கூடப் படித்தவர்கள் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் வசதி. கொடைக்கானல் பற்றியும், வடக்கே போய்ப் பனிச்சறுக்கு பழக நினைப்பவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் எழுதியிருக்கிறேன்.

ஊட்டியில் ஸ்னோ விழுமா? பனிச்சறுக்கு விளையாடலாமா?

விழாது, விளையாட முடியாது. காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படங்களில் இருப்பது உறைபனி. அது மேகத்திலிருந்து கொட்டுவதில்லை; புல்லின் மேலேயே உருவாகிறது. கனமாக விழுந்த நாளிலும் சில மில்லிமீட்டர் தடிமன்தான். ஏப்ரல், மே மாதங்களில் சாலையே வெள்ளையாக இருப்பதுபோல் வரும் வீடியோக்கள் பெரும்பாலும் ஆலங்கட்டி மழை. "மினி காஷ்மீர்" என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு மட்டும் குழந்தைகளிடம் ஸ்னோ காட்டுவதாகச் சொல்லி அழைத்து வராதீர்கள். உறைபனி என்று சொல்லியே அழைத்து வாருங்கள், அதுவே போதுமான அழகு.

அப்படியானால் அது எப்படி உண்டாகிறது?

பகலில் வாங்கிய சூட்டை இரவில் தரை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பகுதி திரும்பி வரும். மேகம் இல்லாத இரவில் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். புல்லின் இலை காற்றைவிட வேகமாகக் குளிர்ந்து சுழியம் டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. அப்போது காற்றில் இருக்கும் ஈரம் நீராக மாறாமல் நேரடியாகவே பனிப்படிகமாக அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. முதலில் பனித்துளி விழுந்து பிறகு அது உறைவதும் உண்டு. அது கண்ணாடி மணி மாதிரி உருண்டையாகத் தெரியும். ஊசி ஊசியாக, இறகு வைத்ததுபோல இருந்தால் அது முதல் வகை. பார்க்க வேண்டியது அதைத்தான்.

எந்த மாதம் வரலாம்?

நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும். உறைபனிக்கு நல்ல காலம் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய, பிப்ரவரியிலும் தொடரும். ஆனால் நவம்பரிலும் டிசம்பரிலும் வடகிழக்குப் பருவமழை வந்து போய்க்கொண்டிருக்கும். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டால் ஊட்டி வானம் மூடிக்கொள்ளும். அந்த வாரம் முழுக்க ஒரு வெள்ளைப் புல்லைக்கூடப் பார்க்க முடியாது. மாதத்தைக் குறித்து அறை போடுவதைவிட, மழை விட்டு வானம் தெளியும் நாட்களைப் பார்த்துக் கிளம்புவது நல்லது.

நாளைக் காலை விழுமா என்று இன்றைக்கே தெரிந்துகொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியும். கூட்டமில்லாத இடத்தைப் பிடிப்பதில் பாதி வேலை இதுதான். இடத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஓடுபவர்கள் அன்று எங்கே விழுகிறது என்று தெரியாமல் பழகிய இடத்துக்கே போய்ச் சேருவார்கள். வானத்தைப் படிக்கத் தெரிந்தவர் எந்தப் பள்ளத்துக்கும் போகலாம்.

முதலில் மேகம். மாலை ஐந்து மணிக்கு வானம் சுத்தமாக இருந்து, இரவு ஒன்பது மணிக்கு நட்சத்திரங்கள் கூர்மையாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி. இந்திய வானிலைத் துறையின் செயற்கைக்கோள் படத்திலும் மேகம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அடுத்தது காற்று. கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) இலைகள் அசையாமல் தொங்க வேண்டும். லேசான காற்று அடித்தால்கூட மேலே உள்ள சூடான காற்று கீழே கலந்து தரை குளிர்வதைக் கெடுத்துவிடும். மூன்றாவது ஈரம். இரண்டு மூன்று நாள் மழை பெய்து மண் நனைந்திருக்க, அதற்குப் பிறகு வானம் தெளிந்த முதல் இரவு என்றால் யோசிக்கவே வேண்டாம், அலாரம் வையுங்கள். ஜனவரி கடைசியில் காற்று வறண்டுவிட்டால் குளிர் கடுமையாக இருந்தும் வெள்ளை குறைவாகத்தான் படியும். செடி கருகும், படம் வராது.

போனில் "குறைந்தபட்சம் 4 டிகிரி" என்று காட்டுகிறதே, அப்புறம் எப்படி உறையும் என்று பலர் கேட்கிறார்கள். அந்த அளவு தரைக்கு நாலைந்து அடி மேலே, நிழற்பெட்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலை. அமைதியான இரவில் புல்லின் மேற்பரப்பு அதைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும். அதனால் 3, 4 டிகிரி என்று காட்டும் காலையிலும் புல் வெள்ளையாகிவிடும்.

தொட்டபெட்டாதான் உயரம். அங்கேதானே அதிகமாக இருக்கும்?

பலருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஊட்டி நகரம் சுமார் 2,240 மீட்டர். பகலில் மேலே போகப் போகக் குளிர் என்பது சரி. ஆனால் அமைதியான, மேகமில்லாத இரவில் கணக்கு தலைகீழாகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். உச்சியில் காற்றும் ஓரளவு வீசிக்கொண்டே இருக்கும். அதனால் உச்சியில் புல் பச்சையாக இருக்க, கீழே ஓடை ஓரத்துப் புல்வெளி வெள்ளை விரித்துக் கிடக்கும். உயரமான இடத்தில் உள்ள பள்ளம், அதில் தேங்கிய காற்று வெளியேற வழி குறைவு, பக்கத்தில் மரம் இல்லாமல் வானத்தைப் பார்த்த திறந்த புல்வெளி: இந்த மூன்றும் சேரும் இடத்தைத் தேடுங்கள். மரத்தடியில் உறைபனி விழாது, கிளையே போர்வையாகிவிடும்.

எல்லாரும் போகும் இடங்கள் எவை?

தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்கா. கூடலூர் சாலையில் கல்லட்டிக்குப் பிரியும் தலைகுந்தாவில் உறைபனி உண்மையிலேயே நன்றாக விழும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பொங்கல் விடுமுறையிலும் சனி, ஞாயிறிலும் விடிவதற்குள்ளேயே வண்டிகள் வரிசையாக நின்றுவிடும். ஏழு மணிக்குள் புல்வெளி முழுக்கக் கால்தடம். செவ்வாய், புதன் என்று வேலை நாளில் வந்தால் இதே தலைகுந்தாகூட அமைதியாக இருக்கும். விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் இடத்தை மாற்றுவதற்கு முன்னால் கிழமையை மாற்றிப் பாருங்கள்.

கூட்டமில்லாத இடம் எது? பெயரைச் சொல்லுங்கள்.

என் விருப்பம் ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் சாலை. முத்தொரை பாலாடா, நஞ்சநாடு, கப்பத்தொரை என்று சாலை பெரும்பாலும் பள்ளத்தாக்கின் ஓரமாகவே போகும். இரண்டு பக்கமும் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் தோட்டங்கள். நடுவில் ஓடை, ஓடை ஓரத்தில் புல். குளிர்ந்த காற்று வந்து நிற்க இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. சுற்றுலாப் பட்டியலில் அந்தப் புல்வெளிகளுக்குப் பெயரே இல்லை, அதனால்தான் அங்கே யாரும் இறங்குவதில்லை. சாலை ஓரத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினாலே போதும், உள்ளே போகத் தேவையில்லை. மேலிருந்து பார்த்தால் தோட்டத்தின் ஒவ்வொரு பாத்தியும் வெள்ளைக் கோடாகத் தெரியும். வரப்பில் மட்டும் மண் கறுப்பாக இருக்கும். இப்படி ஒரு காட்சியைத் தாவரவியல் பூங்காவின் புல்தரை தராது.

இத்தலார், எமரால்டு பக்கத்துக் கிராமங்களும் இப்படித்தான். எமரால்டு அணையின் நீர் காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதிகாலையில் நீரின் மேல் ஆவி எழும். கரையிலிருந்து சற்றுத் தள்ளிய புல்லில் உறைபனி படிந்திருக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். சோலூர் பக்கமும் நல்ல பள்ளங்கள் உண்டு. கோத்தகிரி, குன்னூரில் தங்கியிருப்பவர்கள் அங்கேயே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உயரம் குறைவு, உறைபனியும் குறைவு. கிளம்பி ஊட்டிப் பக்கம் வந்துவிடுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல இடம் கண்டுபிடித்தால் வரைபடப் புள்ளி வைத்து இணையத்தில் போடாதீர்கள். பள்ளத்தின் அமைப்பைச் சொல்லுங்கள், தேடுபவர் அவர் பங்குக்கு ஒன்றைக் கண்டுபிடிக்கட்டும்.

அவலாஞ்சியும் மேல் பவானியும்?

அவலாஞ்சியில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகும் நாட்கள் உண்டு, உறைபனியும் அடர்த்தியாக விழும். சிக்கல் நேரம்தான். அது வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள பகுதி. உள்ளே வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும், அது கிளம்பும்போது வெயில் ஏறிவிட்டிருக்கும். சோலையும் புல்வெளியும் பார்க்கத் தாராளமாகப் போங்கள். உறைபனியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். குறுக்கு வழியில் இருட்டிலேயே கூட்டிப்போவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது புலியும் யானையும் நடமாடும் காடு. மேல் பவானியிலும் முக்கூர்த்தி தேசியப் பூங்கா எல்லைக்குள்ளும் இதே கதைதான்.

கொடைக்கானலில்?

நட்சத்திர ஏரியைச் சுற்றி ஜிம்கானா, கீழ்பூமி, பாம்பார்புரம் ஆகிய இடங்களில் விழும். கூட்டமும் அங்கேதான். நகரத்தைத் தாண்டி மன்னவனூர் போங்கள். அங்கே மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையத்தை ஒட்டிய புல்வெளிகள் திறந்தவெளியாக, கிண்ண வடிவில் இருக்கும். போகிற வழியில் பூம்பாறை, மன்னவனூரைத் தாண்டினால் கவுஞ்சி. பூண்டு வயல்களில் வெள்ளை படிந்திருப்பதை விடியலில் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். ஆனால் கொடைக்கானலிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் மலைச்சாலை. முதல் நாளே அந்தக் கிராமங்களில் தங்கிவிடுவதுதான் சரி.

எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்?

ஜனவரியில் ஊட்டியில் சூரியன் உதிப்பது சுமார் 6.40 முதல் 6.50 வரை. பள்ளத்தில் மலை மறைப்பதால் வெயில் இன்னும் தாமதமாக வரும். ஆறு, ஆறே காலுக்கு இடத்தில் இருங்கள். குளிர் அதிகமாக இருப்பதும் விடியலை ஒட்டித்தான். வெயில் தொட்ட இடத்தில் சில நிமிடங்களில் வெள்ளை போய்விடும். கிழக்கே உயரமான மலை நிற்கும் பள்ளத்தில், மேற்குப் பார்த்த சரிவின் அடிவாரத்தில் எட்டு மணி வரைகூட நிற்கும். தூங்கி எழத் தாமதமாகிவிட்டால் அந்த நிழலைத் தேடிப் போங்கள்.

புல்வெளியில் இறங்கி நடக்கலாமா? ஓடி விளையாடலாமா?

ஓரத்தில் நின்று பாருங்கள் என்பதுதான் என் பதில். உறைந்திருக்கும் புல் மடங்காமல் ஒடியும். மிதித்த இடம் சில நாளில் பழுப்பாகிக் கால்தடம் அப்படியே தெரியும். ஒருவர் நடந்தால் பரவாயில்லை. ஒரு சீசன் முழுக்க நூறு பேர் நடந்தால் அது பாதையாகிவிடும், அடுத்த மழையில் அரிப்பு தொடங்கும்.

நீலகிரியின் மலைப்புல்வெளிக்கும் உறைபனிக்கும் உள்ள உறவு நெருக்கமானது. சரிவின் மடிப்பில் சோலை இருக்கும், அதைச் சுற்றிப் புல்வெளி இருக்கும். சோலை மரங்கள் புல்வெளிக்குள் பரவாமல் நிற்பதற்கு உறைபனி ஒரு முக்கியக் காரணம் என்று இங்கே நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சோலை மரக் கன்றுகள் திறந்தவெளியின் இரவுக் குளிரைத் தாங்காமல் மடிந்துவிடுகின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் என்கிற சீகை மரத்தின் கன்றுகளோ அந்தக் குளிரை அவற்றைவிட நன்றாகத் தாங்குகின்றன. அதனால்தான் புல்வெளி சீகைக் காடாகிக்கொண்டே வருகிறது. மிச்சமிருக்கும் புல்வெளி கொஞ்சம்தான். அதில் தோடர் பழங்குடியினரின் மந்துகளும் (குடியிருப்புகள்) எருமை மேயும் இடங்களும் கோயில்களும் இருக்கின்றன. கேட்காமல் நுழைய வேண்டாம், கோயில் பக்கம் போகவே வேண்டாம்.

இதையெல்லாம் விட எளிய காரணம் ஒன்றும் இருக்கிறது. தடம் படாத புல்வெளியைத் தேடி வருபவர், பின்னால் வருபவருக்கும் அதை அப்படியே விட்டுப் போக வேண்டும். இரவில் காட்டெருமை கடந்து போயிருந்தால் அதன் குளம்புத் தடம் மட்டும் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் பக்கத்தில் நம் செருப்புத் தடம் வேண்டாம்.

தோட்டத்துக்காரர்கள் கோபப்படுவார்களா?

வரப்பில் நின்று "நல்லா விழுந்திருக்கே!" என்று குதித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? உறைபனி அவர்களுக்கு நஷ்டம். தேயிலைக் கொழுந்து கருகிவிடும், உருளைக்கிழங்குச் செடி ஒரே இரவில் கறுத்துப்போகும். வெயில் வருவதற்குள் ஸ்பிரிங்ளர் போட்டுப் பனியைக் கழுவிவிட அதிகாலையிலேயே எழுந்து நிற்பார்கள். தாவரவியல் பூங்காவில்கூட மலர்ச்செடிகளை மிலார் செடிகளால் மூடி வைப்பார்கள். அவர்கள் தண்ணீர் தெளிக்கும்போது "ஐந்து நிமிஷம் பொறுங்க, ஒரு படம்" என்று கேட்காதீர்கள். வணக்கம் சொல்லி, சாலையிலிருந்தே பாருங்கள். பேச்சுக் கொடுத்தால் நாளைக்கு எங்கே விழும் என்று எந்தச் செயலியையும்விடச் சரியாகச் சொல்வார்கள்.

என்ன உடுத்துவது?

கம்பளிக் குல்லா, கையுறை, ஸ்வெட்டர். காது கண்டிப்பாக மூட வேண்டும். எல்லாரும் மறப்பது கால்: உறைபனி உருகினால் தண்ணீர், துணி ஷூ பத்து நிமிடத்தில் நனைந்து விரல் மரத்துவிடும். தோட்ட வேலைக்காரர்கள் போடும் கம்பூட்ஸ்தான் சிறந்தது. போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். படம் எடுக்கும்போது வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை சாம்பலாக வரும்.

வண்டி விஷயத்தில்?

கண்ணாடியில் படிந்த பனிமேல் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். சாதாரணத் தண்ணீரும் துணியும் போதும். இருட்டில் ஓட்டும்போது உறைபனியைவிடப் பெரிய ஆபத்து மூடுபனியும் சாலையில் நிற்கும் காட்டெருமையும். ஹாரன் அடித்து விரட்ட வேண்டாம், விளக்கைத் தாழ்த்திக் காத்திருங்கள். தேயிலைத் தோட்ட ஓரங்களில் கரடியும் சிறுத்தையும் விடியலில் நடமாடும். தனியாக இறங்கி நடக்காதீர்கள்.

அறையில் குளிர் தாங்கவில்லை, கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மூடிய அறையிலும் சரி, கூடாரத்திலும் சரி, கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. நெருப்பை வெளியே மூட்டி, வெளியே உட்கார்ந்து குளிர் காயுங்கள். உள்ளே இன்னொரு கம்பளி கேளுங்கள்.

இ-பாஸ் வேண்டுமா?

வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குத் தேவையில்லை. ஊட்டியிலிருந்து எமரால்டு, இத்தலார் பக்கமும் அரசுப் பேருந்துகள் உண்டு. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.

உறைபனி பார்த்தாயிற்று. உண்மையான பனியில், கூட்டமில்லாமல் சறுக்க எங்கே போவது?

இமயமலைக்கு. முதலில் பழகிக்கொள்ளுங்கள். குல்மார்க்கில் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, மணாலியிலும் அரசு மலையேற்ற நிறுவனம் பனிச்சறுக்கு வகுப்பு நடத்துகிறது. உத்தராகண்டில் அவுலி 2,500 மீட்டரிலிருந்து 3,050 மீட்டர் வரை உள்ள சரிவு, புதியவர்களுக்கு நல்லது. ஆனால் சில குளிர்காலங்களில் பனி போதாமல் அங்கே போட்டிகளே தள்ளிப்போயிருக்கின்றன. பனி நிலவரம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். இமாச்சலில் நார்கண்டாவின் சரிவு சின்னது. பெரிய பெயர் இல்லாததால் அமைதியாக இருக்கும்.

தடம் படாத புதுப் பனி வேண்டுமென்றால் அங்கேயும் நாள் பார்க்க வேண்டும். பனிப்புயல் ஓய்ந்த மறுநாள் காலை, வேலை நாள், முதல் ரோப்கார். பிரபலமான சரிவு மதியத்துக்குள் தடமாகிவிடும். ஏறும் வசதி குறைந்த சிறிய இடங்களில் ஆட்கள் குறைவு என்பதால் புதுப் பனி இரண்டு மூன்று நாள்கூடத் தாங்கும். வடக்குப் பார்த்த சரிவில் வெயில் குறைவு; அங்கே பனி மாவு போலவே உலர்ந்து கிடக்கும். தெற்குப் பார்த்த சரிவில் உருகி, மறுபடி உறைந்து ஓடு கட்டிவிடும்.

குல்மார்க்கில் ரோப்காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில் ஏறத்தாழ 4,000 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். அங்கே பாதுகாப்புக் குழு கண்காணிக்கும் பகுதி ஒன்றுதான். அதன் எல்லையைத் தாண்டினால் யாரும் பொறுப்பில்லை. 2024 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் இறந்தார். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிச்சரிவு அதிகம். எல்லாரும் ஆசைப்படும் புயலுக்கு மறுநாளே ஆபத்தும் கூடுதல். எல்லைக்கு வெளியே போவதென்றால் உள்ளூர் வழிகாட்டி, பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி, தேடு கம்பி, மண்வெட்டி நான்கும் வேண்டும். கருவியைப் பயன்படுத்தத் தெரிந்தவர் குறைந்தது இரண்டு பேராவது கூட இருக்க வேண்டும். பனிச்சரிவு எச்சரிக்கை அதிகம் என்று அறிவித்த நாளில் கீழே உள்ள சரிவிலேயே பழகுங்கள்.

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை உறைபனி பார்க்கக் கூட்டி வரலாமா?

வரலாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். மலையேறிய மறுநாளே விடியலில் எழுப்பாமல் ஒரு நாள் விட்டு அழைத்துப் போங்கள். எமரால்டு சாலையில் காரை விட்டு இறங்காமலே கண்ணாடி வழியாகப் பார்க்க முடியும். பிளாஸ்கில் சூடாகச் சுக்குக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் வழியில் கடை எதுவும் திறந்திருக்காது.